இன்னொரு பொட்டலம்

மோகன்குமார் முதுகைத் திருப்பிக்கொண்டு பொட்டலம் மடித்தான்.

மதுமதிக்கு அப்போதே சுருக்கென்றது. பூக் கேட்க வந்த இடம். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து மாரியம்மன் காலடியில் போட வேண்டும். எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், சிவப்பு வந்தால் மறுத்துவிட்டாள். இதில் கட்டின பெண்டாட்டிக்கு ஒளித்து மடிக்க என்ன இருக்கிறது?

"குடுங்க, நான் மடிக்கறேன்" என்று கோயில் வாசலிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"கேக்கறவன் கையாலதான் மடிக்கோணும், மது."

எந்த ஊர்ச் சாஸ்திரமோ! தோட்டத்தில் தண்ணிக்குப் போர் போட இடம் கேட்டபோது இவள்தானே மடித்தாள்?

இன்றைக்குக் கேள்வி ஒன்றுதான். மறுபடியும் சிகரெட்டை விடலாமா?

அதை ஆத்தாவிடம் வந்து கேட்கவும் வேண்டுமா? நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார், இனி பற்ற வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று. அன்று விட்டவன் ஒரு வருஷத்துக்கும் மேல் தொடவில்லை. நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தான். ராசிபுரத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம், பந்தலுக்குப் பின்னால் எவனோ "ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டினான். அவ்வளவுதான், போச்சு.

வாயால் அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. சட்டைப்பையில் ஏலக்காய் மணத்தது. வீட்டுக்குள் நுழையுமுன் வாசல் குழாயில் வாய் கொப்பளித்தான். பைக்கின் சைடு பாக்ஸுக்குப் புதுசாக ஒரு பூட்டு வந்தது. சாவி எங்கே என்றால் தொலைந்துவிட்டதாம். தொலைந்த சாவி அவனுடைய அரைஞாண் கயிற்றில் தொங்குவதை, அவன் மத்தியானம் அசந்து தூங்கும்போது அவளே பார்த்தாள்.

முந்தாநாள் முட்டை அட்டை இறக்கும்போது மூச்சு வாங்கி, வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் தண்ணீரோடு ஓடினாள். அப்போதுதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பூக் கேட்டுப் பாத்துரலாம்" என்றான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பூ சொன்னதை ஒருநாளும் மீறாதவன் அவன். தங்கச்சிக்கு வந்த தங்கமான சம்பந்தத்தையே சிவப்பு வந்தது என்று தள்ளிவிட்டவன். வெள்ளை வந்தால் விட்டுவிடுவான், சரி. சிவப்பு வந்தால்? 'ஆத்தாளே வேண்டாம்னுட்டா, நான் என்ன பண்ணட்டும்' என்று நடுவீட்டில் உட்கார்ந்து ஊதுவான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்க முடியுமா?

அட கடவுளே. இரண்டிலும் சிவப்பையே வைத்து மடித்திருப்பானோ?

பூசாரி கைலாசம் இரண்டு பொட்டலத்தையும் தட்டில் வைத்துக் குலுக்கி அம்மன் காலடியில் சரித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எடுக்கறதுக்குக் கொழந்தைங்க ஒண்ணையுங் காணோம். நீங்களே எடுங்க அம்மிணி."

இவன் செய்கிற சூழ்ச்சிக்கு நான்தானா கிடைத்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. கையில் பட்டதை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.

அவர் பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா சந்தோசமாக் குடுத்துட்டா!" என்றார் கைலாசம்.

மதுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சீ, என்ன புத்தி எனக்கு, பாவம் மனுஷனை எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன் என்று இருந்தது. கண் கலங்க அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் வெள்ளைப் பூவைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

போன சந்தேகம் பொசுக்கென்று திரும்பி வந்தது.

"அதையும் பிரிச்சுப் பாத்துருங்க அம்மிணி. அப்பறம் மனசுல ஒரு கொழப்பம் இருக்கப்படாது பாருங்க" என்றார் பூசாரி.

"அதெதுக்குங்க..." என்று மோகன்குமார் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் காகிதத்தை விலக்கினாள்.

அதிலும் வெள்ளைதான்.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது. போர் போடவும் வண்டி வாங்கவும் ஆத்தாவைக் கேட்டவன், ஆத்தா பேரில் ஒரு பொய்ச் சத்தியம் செய்யாதவன், இன்றைக்கு அந்த ஆத்தாவையே ஏமாற்றியிருக்கிறான். சிவப்பு வந்துவிடுமோ என்று மதுமதியைவிட அவன்தான் பயந்து செத்திருக்கிறான்.

பூசாரி காத்துக்கொண்டிருந்தார். மோகன்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவள் காகிதத்தோடு பூவைக் கசக்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"செவப்புத்தானுங்க" என்றாள்.

மோகன்குமார் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், அவளுடைய மூடிய கையைப் பார்த்தான். உள்ளே என்ன பூ இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. ஆத்தாவை மறுபடி ஒரு தரம் விழுந்து கும்பிட்டான்.

இருவரும் பைக்குக்கு வந்தார்கள். வண்டியருகே நின்று, வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு அரைஞாண் கயிற்றை அவிழ்த்தான். அந்தத் தொலைந்துபோன சாவியை எடுத்து, பூ இருந்த கையை விரிக்கச் சொல்லி, அதிலேயே வைத்தான்.