சால்வை வரிசை
ஆறு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த தெய்வசிகாமணிக்குத் தொகுதியே திரண்டு பாராட்டு விழா எடுத்தது. ஏழாம் முறை நிற்பதற்குக் கட்சியில் விருப்ப மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். நாலரைக்கு அவர் எழுந்தார்.

“எங்கண்ணே கிளம்பிட்டீங்க? சனம் சால்வையோட நிக்குதுல்ல!” என்று தோளை அமுக்கினார் ஒன்றியச் செயலாளர் குணசீலன்.

சால்வையோடு வந்தவரைத் திருப்பியனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்துவிட்டார். வரிசை குறையவே இல்லை. போர்த்திவிட்டு இறங்கியவர்களே வேறு சால்வையோடு மறுபடி வந்தார்கள். கழுத்துவரை குவிந்துவிட்டது.

ஐந்தேகாலுக்கு வரிசை சட்டென்று தீர்ந்தது. கடைசியாக மேடையேறிய மகன் இளம்பரிதி அவர் காலில் விழுந்தான்.

“மனு கொடுத்துட்டேம்ப்பா. என் பேர்ல. குணசீலன் மாமா ஏற்பாடுதான். ஆசீர்வாதம் பண்ணுங்க.”

“அய்யா, கையைத் தலையில வைங்க! கொஞ்சம் சிரிங்க!” என்றார் போட்டோகிராபர்.

கைதட்டத் தயாராகக் கூட்டம் காத்திருந்தது. சால்வைகளுக்குள் எங்கோ புதைந்திருந்த வலது கையை அவர் மெல்ல வெளியே இழுத்தார்.