கல்லாற்றில் ஏறியவர்கள்

சாலைக் கடைத்தெருவைச் சேர்ந்த அஜிதாவும் கணவன் பேச்சிமுத்துவும் முதுகில் பையோடு கேரளம் சுற்றிவிட்டு, கடைசியாகக் கல்லாறு என்ற ஆற்றங்கரை ஊரில் இறங்கினார்கள். பயணம் முழுக்க வழி பார்த்தது அஜிதாதான், எங்கேயும் தடுமாறியதில்லை. ஆற்றில் குளிக்கப்போன பேச்சிமுத்து ஈரத்தலையோடு வந்ததும் இருவரும் ஊர் திரும்பக் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினார்கள்.

பஸ் நகர்ந்தபோது ஆற்றங்கரையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். ஜன்னல் வழியே அஜிதா பார்த்தாள். பேச்சிமுத்து.

"அஜிதா! என்ன விட்டுட்டா போற?"

திரும்பினாள். பக்கத்திலும் பேச்சிமுத்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். புருஷனை வழியில் விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல அவள். எழுந்து கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"சேட்டா, வண்டிய நிறுத்துங்க! ஒராள்கூடி வரணும், இன்னும் ஒருத்தர்."

பஸ் நின்றது.

"வரட்டும், பாவம்," என்று பக்கத்திலிருந்தவன் அவளை ஒட்டி நகர்ந்து, சீட்டில் இடம் விட்டான்.