பின்வாசல் பாராட்டு

தெருமுனையில் கரடி ஒரு ஜப்பானியத் தெரியாக்கிக் கடை வைத்திருந்தது. சோயா சாஸில் தேன் கலந்து தடவிச் சுட்ட மீன்தான் அங்கே விசேஷம்.

"முதலாளி, தேன் தூக்கலா இருக்காம். கீரி பாதி மீனை அப்படியே வச்சிட்டுப் போயிட்டார்," என்றது பரிமாறும் பூனை.

கரடிக்குச் சுருக்கென்றது. "அவனுக்கு நாக்கு செத்துப்போச்சு! என் கைப்பக்குவத்தைப் பத்திப் பின்வாசல்ல வந்து கேளு."

பின்வாசலில் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டிருந்த பன்றி நிமிர்ந்து ஏப்பம் விட்டது. "அண்ணே, நேத்தைவிட இன்னிக்குப் பிரமாதம்! தேனை இன்னும் தாராளமா ஊத்துங்க."

கரடி பூரித்துப்போய் ஊற்றியது. மறுநாள் பன்றி தம்பிமாரையும் கூட்டிவந்தது. "இந்த வட்டாரத்துலயே இப்படியொரு கடை கிடையாது!" என்றது. அதை அப்படியே பலகையில் எழுதிக் கரடி வாசலில் மாட்டியது.

ஒருநாள் சாப்பிட ஒரு ஜீவன்கூட வரவில்லை. சுட்ட மீன் ஆறிக் கிடந்தது. ஆறுதல் தேடிக் கரடி பின்வாசலுக்கு ஓடியது.

அங்கே பன்றி காலித் தொட்டியை எட்டி உதைத்துக்கொண்டிருந்தது. "தூ! ஒரு துண்டுகூட இல்ல. இதெல்லாம் ஒரு கடையா?"

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பன்றி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வாங்கடா தம்பிகளா! அடுத்த தெருவுல ஒரு கடையாம். சாப்பாட்டை வாயில வைக்க முடியலன்னு எல்லாரும் சொல்றாங்க. சீக்கிரம் போவோம்!"