வண்டி மலையேறியது

"அண்ணே, இந்த வண்டிய எப்டிண்ணே ஸ்டார்ட் பண்றது?"

கந்தசாமி காதிலிருந்த போனை எடுத்து ஒரு தரம் பார்த்தார். தெரியாத நம்பர், தெரியாத குரல். ஆனாலும் ஆள் யாரென்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மனைவி அமிர்தம் அப்போதுதான் தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் வேகமாக நடந்தார்.

"எங்க நிக்கிற தம்பி?"

"கோமுகி டேம் தாண்டி மலை ஏறுற வளைவுலண்ணே. பின்னாடி கண்ணாடில ஒங்க நம்பரு ஒட்டியிருந்துச்சு. அதான்..."

கந்தசாமிக்குக் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டம். மச்சினன் பெரிய வண்டி வாங்கிவிட்டான் என்கிற ஒரே காரணத்துக்காக அவரும் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு எஸ்.யூ.வி. வாங்கினார். அது தோட்டத்துக்குப் போனதைவிட ஒர்க்‌ஷாப்புக்குப் போனதுதான் ஜாஸ்தி. மெக்கானிக் தமிழழகன் தன் வீட்டுக்கு மாடி எடுத்ததே கந்தசாமியின் கரும்புக் காசில்தான் என்று ஊரே பேசியது. பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று நம்பரோடு ஒட்டியும் ஒரு வருடம் ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

அந்த வண்டி இன்று கோமுகி அணையைத் தாண்டிவிட்டது! அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மலைக்கு ஏன் தம்பி போன? சேலம் ரோட்ல நேரா போயிருக்கலாமே?"

"அங்க செக்கிங் ஜாஸ்திண்ணே. ஆர்.சி. என் பேர்ல இல்லியே."

"அதுவும் சரிதான். சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே. முன்னாடி ஒரே பொகை."

"அது பொகையில்ல, ஆவி. நல்லா ஆறவுட்டு, அப்பறமா ரேடியேட்டர்ல தண்ணி ஊத்து. சீட்டுக்கு அடில கேன் வச்சிருக்கன் பாரு."

"அத நான் குடிச்சிட்டேண்ணே. ஏசி போட்டா அனலா அடிக்குது, நாக்கு ஒட்டிக்கிச்சு."

"ஏசி போட்டா அப்டித்தான். ஹீட்டரப் போடு, கொஞ்சம் சில்லுன்னு வரும். பக்கத்துல ஓடை இருக்கும், கேன்ல புடிச்சிக்கினு வா."

கேனில் தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டது. கந்தசாமி முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஊத்திட்டேண்ணே. இப்ப கதவு தொறக்கல."

"சூடு ஏறுனா பூட்டு புடிச்சிக்கும். டிக்கி வழியா ஏறி, ஊந்து முன்னாடி போ. நான்லாம் வேட்டியக் கட்டிக்கினே ஊந்திருக்கன்."

முனகல் கேட்டது. எதன் மேலோ தலை இடித்தது. பிறகு ஹாரன் நீளமாக அலறியது.

"நான் அடிக்கலண்ணே! ஸ்டியரிங்க எடப்பக்கம் திருப்புனா தானா அடிக்குது!"

"மலை ரோட்டுக்கு அது நல்லதுதான். எதுக்க வர்றவன் ஒதுங்குவான்."

"மொத கியரு வுழலண்ணே."

"அது எப்பவுமே வுழாது. ரெண்டாவதுல போட்டு எடு. டீசல் முள்ள மட்டும் நம்பாத, டேங்கு காஞ்சாலும் பாதிலதான் நிக்கும்."

"இன்சூரன்சு?"

"முடிஞ்சி போச்சு. டயரு நாலும் மொட்டை. ஆனா பிரேக்கு புதுசு. நிக்கறதுல இத அடிச்சிக்க வண்டியே கெடையாது."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது எனக்கு ஒத்து வராது. சரிவுல உருட்டிக்கினு வந்து ஒங்க வூட்டு வாசல்லயே வுட்டுர்றேன்."

கந்தசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பேச்சே வேணாம்! இவ்ளோ தூரம் போயிட்டு இப்ப ஏன் மனச வுடுற? பானெட்டுக்குள்ள, கீழ, ஸ்டார்ட்டர் மோட்டாரு உருண்டையா இருக்கும். ஒரு கல்ல எடுத்து அதுமேல தட்டு. கோவமா தட்டாத, மொரண்டு புடிக்கும்."

"மறுபடி டிக்கி வழியா எறங்கி ஏறணுமாண்ணே?"

"எறங்கு ராசா, எறங்கு. ஒடம்புக்கு நல்லது."

டொக், டொக் என்று தட்டும் சத்தம் வந்தது. பிறகு ஊர்கிற சத்தம். கந்தசாமி கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை வேண்டினார்.

திடீரென்று போனே அதிரும்படி இஞ்சின் உறுமியது.

"எடுத்துக்கிச்சுண்ணே! ஏறுது!"

"நிறுத்தாத! எங்கயும் நிறுத்தாத! டீ கூட குடிக்காத, நேரா போய்க்கினே இரு!"

"வெள்ளிமலை போனதும் போன் பண்றேண்ணே."

"பண்ணவே பண்ணாத. அந்த ஸ்டிக்கர மொதல்ல கிழிச்சிப் போட்டுட்டு, என் நம்பரயும் அழிச்சிரு."

"ரொம்ப நல்ல மனுசன்ணே நீங்க. ஒங்களுக்குப் போயி..."

"பரவால்ல தம்பி. நல்லா இரு."

போனை வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தார். அமிர்தம் கரண்டியும் கையுமாகப் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாருங்க அது? போலீஸ்காரங்களா? இன்னா, வண்டி கெடச்சிடுச்சாமா?"

"வாய வைக்காதடி! ராத்திரி அதத் திருடிக்கினு போன புள்ளதான் பேசுச்சு. திருப்பிக் கொணாந்து வுட்டுர்றேன்னு நின்னவன கெஞ்சிக் கூத்தாடி இப்பதான் அனுப்பி வச்சிருக்கன்."