மழுங்காத விளிம்பு

"மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்த மோதிரம் வேணும். பிளாட்டினத்துல காட்டுங்க," என்றார் அந்த அம்மா. கல்யாணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

ருத்தேனியம் கலந்த வகையை எடுத்து வைத்தேன். "இதைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம்மா. சுத்த பிளாட்டினம் கொஞ்சம் மெத்துனு இருக்கும். இந்தக் கலவை இரும்பு மாதிரி. விளிம்பு மழுங்கவே மழுங்காது."

"மழுங்கணும். சீக்கிரம் மழுங்குறது எது?"

இருபது வருடத்தில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. விலைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டுக்கும் பெரிய விலை வித்தியாசம் இல்லம்மா. நான் போட்டிருக்கறதும் இதே கலவைதான். பதினோரு வருஷமாச்சு, ஒரு கீறல் இருக்கா பாருங்க!" கையைப் பெருமையாக நீட்டினேன்.

அவர் என் மோதிரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ அப்பாவுக்கும் எங்க வீட்டுல கெட்டியானதாப் பார்த்துத்தான் வாங்கிப் போட்டாங்க. அதுலயும் ஒரு கீறல் விழல."

மகள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கன்னத்தை மறைத்திருந்த முடியை ஒதுக்கினார். கண்ணுக்குக் கீழே வளைவாக ஒரு பழைய தழும்பு.

"மாப்பிள்ளை தங்கமானவர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இவ அப்பாவும் கல்யாணம் வரைக்கும் தங்கமாத்தான் இருந்தார். நீங்க மெத்துனு இருக்கறதையே கொடுங்க."

நீட்டிய கையை மெல்ல இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

என் மனைவியும் போன வாரத்திலிருந்து முடியை அப்படித்தான் வாரிக்கொள்கிறாள்.