கோலாக் கொட்டையும் மூத்த குடியும்

உலகின் மூத்த குடி தமிழ்க்குடி.

இதை முரளிதரன் எந்த வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். பொயிண்ட் குக் என்ற புறநகரில், சம்பந்தியாகப் போகிற ஒபியோராவின் வீட்டிலும் சொன்னார். மகள் பிரவீணா கூரையைப் பார்த்தாள்.

ஒபியோரா நைஜீரியாவின் இக்போ இனத்தவர். தலையில் சிவப்புத் தொப்பி, காலில் உள்ளூர்க் கால்பந்தான ஃபுட்டி கிளப்பின் சாக்ஸ். குறுக்கே பேசாமல் கேட்டு முடித்து, உள்ளே போய் ஒரு மரத்தட்டோடு வந்தார். தட்டில் ஒரே ஒரு கோலாக் கொட்டை, பெரிய நெல்லிக்காய் அளவில்.

"இதை உடைக்காம எங்க வீட்ல பேச்சே தொடங்காது" என்றார்.

முரளிதரன் பேசத் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

கூடியிருப்பவர்களில் வயதில் மூத்தவர் கொட்டையைக் கையில் ஏந்தி ஆசி சொல்ல வேண்டுமாம். அதுவும் தாய்மொழியில். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. மூத்தவர் பேசும்போது மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்.

முரளிதரனுக்கு நாக்கு ஊறியது. இப்படி ஒரு மேடை தமிழ்ச் சங்கத்தில்கூட அவருக்கு வாய்த்ததில்லை.

"எனக்கு அறுபத்திரண்டு. உங்களுக்கு?" என்றார் ஒபியோரா.

முரளிதரன் மனைவி விமலாவைப் பார்த்தார். கொட்டையைப் பார்த்தார். மூத்த குடி இரண்டு வயதில் தோற்பதா?

"அறுபத்துநாலு."

விமலா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்ப அந்த நாலு வயசை எங்கங்க வச்சிட்டு வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்மா என்ன சொல்கிறார் என்று ஒபியோரா பிரவீணாவிடம் விசாரித்தார்.

"அப்பாவை நெனச்சாப் பெருமையா இருக்காம், அங்கிள்."

வீடே எழுந்து நின்றது. முரளிதரன் கொட்டையை ஏந்தினார். கடல்கொண்ட நாட்டில் தொடங்குவதாகத்தான் இருந்தார். விமலா இப்போது நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததால், "எல்லாரும் சண்டை சச்சரவில்லாம நல்லா இருக்கணும்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

"இஸே" என்றார்கள் எல்லோரும், ஆமென் மாதிரி. விமலா மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

மாப்பிள்ளையாகப் போகிறவன் கொட்டையை உடைத்தான். நான்கு பருப்பு. இக்போ வாரத்துக்கு நான்கே நாள், அதனால் நாலு நல்ல சகுனம் என்று ஒபியோரா சிரித்தார்.

"கணக்கு சரியாப் போச்சு" என்றாள் விமலா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் துண்டு மூத்தவருக்கு. வேப்பங்கொட்டையைக் கடித்தாற்போல் கசப்பு. கண்ணில் நீர் முட்ட, முரளிதரன் தண்ணீர் கேட்டார்.

ஒபியோரா ஃபிரிட்ஜைத் திறக்கப் போனார். அதன் கதவில் காந்தம் வைத்து, போன வாரம் பிரவீணா கொடுத்த அழைப்பிதழை ஒட்டியிருந்தார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்தது.

அடுத்த ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலில் முரளிதரனுக்கு அறுபதாம் கல்யாணம்.