அழுதது பதிவாகியிருக்கிறது

"அழுதா அது பதில் சொன்ன கணக்கா, சார்?" என்று அரசமைப்பு நீதிமன்ற வாசலில் தன் வக்கீலிடம் கத்தினாள் செங்கமலம். அவள் மகளை உச்ச நீதிமன்றம் தகப்பனிடம் கொடுத்துவிட்டது; அந்த நாட்டில் அதற்கும் மேலே முறையிட இந்த ஒரு நீதிமன்றம்தான் இருந்தது.

"தீர்ப்பு சரியா தப்பான்னு இங்க பார்க்க மாட்டாங்கம்மா. உங்களை விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லியிருந்தாத்தான் கை வைப்பாங்க. அங்க கேட்டாங்க, நீங்க அழுதீங்க. அது பதிவாயிருக்கு."

குழாயடிச் சண்டையில் செங்கமலத்தை வென்றவர் கிடையாது. அந்தத் தொண்டை அன்று மட்டும் எங்கே போயிற்றோ. எதிரே தகப்பன் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாம். சத்தம் போட மனம் வரவில்லையாம்.

மனு தள்ளுபடியானது. ஆவணியில் அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு மகளோடு கடல் தாண்டிவிட்டான். செங்கமலமோ மகள் படித்த பள்ளிக்கு எதிரே வீடு மாறிப் போனாள். ஏனென்று கேட்டால், அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.